கார் டிக்கியிலிருந்து போலீஸ் எடுத்த பைக்கு ரசீது கிடைக்கவில்லையா?

ரசீது கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரவுச் சோதனையில் போலீஸார் உங்கள் டிக்கியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுத்தாள்கூடத் தராமல் அனுப்பியது முறையல்ல.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, சோதனை, பறிமுதல் பட்டியல், சாட்சிகளின் கையெழுத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போன் வீடியோவே போதும்.

போலீஸார் பையைக் கணக்கில் ஏற்றாமலே வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போய் இடம், நேரம், பையில் இருந்தவை எல்லாம் எழுதிக் கொடுத்து, பட்டியலின் நகல் கேளுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஆனால் சாலையில் மல்லுக்கட்ட வேண்டாம். போதைப்பொருள் சந்தேகம் என்றால் பொது இடத்தில் வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம்.