ஒரு கிட்டார், ஒரு குரல் போதுமா?

கேள்வி: என் மகன் எந்நேரமும் அமெரிக்க கன்ட்ரி, ஃபோக் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். டிரம்ஸ் இல்லை, பின்னணி இசை இல்லை. ஒரு ஆள், ஒரு கிட்டார். நானும் கடைக் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே பாட்டாகத்தான் தெரிகிறது. இசைக்குழு வைக்க வசதியில்லாதவர்கள் பாடியதையெல்லாம் பெரிய கலை என்று கொண்டாடலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வசதியில்லாமல்தான் இப்படிப் பாடினார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1982-ல் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு என்ன குறை? அதற்கு முந்தைய ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்திருந்தது. கூப்பிட்டால் வந்து நிற்கப் பேர்போன ராக் குழு ஒன்று இருந்தது. அந்த ஜனவரியில் நியூஜெர்ஸியில் ஒரு வாடகை வீட்டில், நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிவுசெய்தார். குழுவுக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரி, அவ்வளவுதான். அப்புறம் ஸ்டூடியோவில் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். கொலை செய்தவனும் வேலை போன கார் தொழிலாளியும் தங்கள் கதையைச் சொல்கிற பாட்டுகள் அவை. பெரும்பாலானவற்றில் குழுவின் சத்தம் ஒட்டவே இல்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் அவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்று வெளியிட்டார்கள். அதை இசைத்தட்டில் ஏற்றப் பொறியாளர்கள் படாதபாடு பட்டார்கள். வசதியில்லாதவன் செய்கிற காரியமா இது?

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கதையும் அப்படித்தான். கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அவரைக் கைவிட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. ராப், ஹெவி மெட்டல் ஆல்பங்களால் பேர் வாங்கிய தயாரிப்பாளர் ரிக் ரூபின், அவரைத் தன் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, கிட்டாரோடு பாடச் சொன்னார். அப்படிப் பாடியவைதான் 1994-ல் வந்த ஆல்பத்தின் பெரும்பகுதி. கேஷுக்கு அப்போது 62 வயது. கூட வாசிக்க ஆள் கிடைக்காமல் இல்லை. அடுத்த ஆல்பத்திலேயே ராக் பாடகர் டாம் பெட்டியின் குழு வாசித்தது. 1994 ஆல்பத்தில் யாரும் வேண்டாம் என்று தெரிந்தேதான் விட்டார்கள்.

சரி, எல்லாம் ஒரே பாட்டாகத் தெரிகிறது என்கிறீர்கள். கார்டுகளை (chords – கிட்டாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளை) வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது உண்மை. மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். வித்தியாசம் வலது கையில் இருக்கிறது. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் – அதன் முக்கியத் தெருவின் நடுவே டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லை ஓடுகிறது – கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தார் மூன்று பேர் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடினார்கள். அதில் மேபெல் கார்ட்டருக்கு 18 வயது. அதுவரை இந்தப் பாட்டுகளில் கிட்டார் பெரும்பாலும் தாளத்துக்குத்தான். மேபெல் கட்டைவிரலால் கீழ்ஸ்தாயித் தந்திகளில் பாட்டின் மெட்டையே வாசித்தார். அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் மேல்ஸ்தாயித் தந்திகளை உரசித் தாளம் போட்டது. மெட்டும் தாளமும் ஒரே கையில். நீங்கள் தேடுகிற டிரம்ஸ் அந்த உரசலில் இருக்கிறது. அடுத்த முறை குரலை விட்டுவிட்டு, கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டு பாட்டுக்குள் பிடிபட்டுவிடும்.

இந்த இடத்தில் லெஸ்லி ரிடில் பெயரையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் வாங்கிக்கொள்வார். மேபெலுக்கு அவர் கற்றுக்கொடுத்ததும் உண்டு. கன்ட்ரி இசையை வெள்ளையர்களின் தனிச் சொத்தாகப் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

இனி, நீங்கள் கேட்ட விதம். இசைக்குழு நிறைந்த பாட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்; வரி தவறினாலும் இடையிசை வந்து இழுத்துப் பிடிக்கும். இங்கே வரியை விட்டால் பாட்டே போச்சு. டெக்சஸ் பாடகர் டவுன்ஸ் வான் ஸான்ட் எழுதிய ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாஞ்சோ கொள்ளைக்காரன், மெக்ஸிகோவில் சாகிறான். அதே நாளில் லெஃப்டி ஒஹையோவுக்குக் கிளம்பிவிடுகிறான். போகக் காசு எங்கிருந்து வந்தது, யாருக்கும் தெரியாது என்று ஒரு வரி. அவ்வளவுதான். காட்டிக் கொடுத்தான் என்று பாட்டு எங்கும் சொல்லாது. கடைசியில், செத்தவனுக்காக மட்டுமல்ல, உயிரோடு கிழவனாகிக்கொண்டிருக்கும் லெஃப்டிக்காகவும் கொஞ்சம் பிரார்த்தனை செய்யச் சொல்கிறது. எவ்வளவு பெரிய மனசு அது! பேரேட்டில் கண்ணை வைத்திருப்பவருக்கு அந்தக் காசு வரி காதில் விழுமா?

மகனிடம் கேட்டுப் பாட்டின் வரிகளை முதலில் வாங்குங்கள். உச்சரிப்பு பிடிபடச் சிரமம்தான். ஒருமுறை வாசித்துவிட்டால் போதும். பிறகு ஹூஸ்டனில் ஓல்டு குவார்ட்டர் என்ற சின்ன பாரில், 1973-ல் இதே பாட்டை டவுன்ஸ் தனியாகப் பாடிய பதிவை, கடை சாத்தியபின் மகனோடு உட்கார்ந்து கேளுங்கள். அது முடிந்ததும் அதே பாட்டைக் கன்ட்ரி பாடகர்கள் வில்லி நெல்சனும் மெர்ல் ஹேகார்டும் முழு இசைக்குழுவோடு பாடி, 1983-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பதிவைப் போடுங்கள். அதுவும் நல்ல பாட்டுதான். லெஃப்டிக்குக் காசு கொடுத்தது யார் என்ற சந்தேகம் இரண்டில் எதைக் கேட்கும்போது உங்களைக் குடைகிறது என்று பாருங்கள்.