ஸ்டீல் சேலஞ்ச்: எந்தத் தகட்டை முதலில் சுடுவது?

கேள்வி: ஸ்டீல் சேலஞ்ச் என்ற, எஃகுத் தகடுகளை வேகமாகச் சுடும் போட்டிக்குப் புதியவன். ஐந்து தகடுகள், நேரத்தை நிறுத்தும் தகடான ஸ்டாப் பிளேட் கடைசி என்பது தெரியும். மற்ற நான்கையும் இடமிருந்து வலமாகச் சுட்டுக்கொண்டே போனால் போதாதா?

பதில்: சில ஸ்டேஜ்களில் (தகடுகளின் அமைப்புகளில்) போதும். ஆனால் ஸ்டாப் பிளேட்டுக்கு எந்தப் பக்கமிருந்து வந்து சேரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வரிசையைக் கட்டிப் பாருங்கள்.

'ஸ்மோக் அண்ட் ஹோப்' ஸ்டேஜையே எடுத்துக்கொள்வோம். நடுவில் 14 கஜத்தில் 12 அங்குல வட்டம், அதுதான் ஸ்டாப் பிளேட். அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு பெரிய தகடுகள், 18க்கு 24 அங்குலம், எல்லாம் 7, 9 கஜத்தில். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை வரிசையாகச் சுட்டால், கடைசியில் பாதி தூரம் திரும்பி வந்து சின்ன வட்டத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக இடப்பக்கம் இரண்டையும் முடித்ததும் நேரே வலது ஓரத்துக்குத் தாவி, உள்தகடு, அப்புறம் ஸ்டாப் பிளேட் என்று வாருங்கள். காகிதத்தில் கோடு போட்டுப் பாருங்கள், துப்பாக்கி திரும்பும் மொத்தத் தூரம் இரண்டிலும் ஒன்றேதான்! ஆனால் இரண்டாவது வழியில் நீண்ட தாவல் ஒரு பெரிய தகட்டில் போய் முடிகிறது. கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மணி அடிக்கும். சின்ன வட்டத்துக்குக் குறுகிய தாவலே மிஞ்சும். எனக்கு இதுதான் பிடித்தம். ஆனாலும் இரண்டையும் பத்துப் பத்து முறை டைமரில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: நடுவில் ஒன்று தவறிவிட்டால்?

பதில்: அங்கேயே நின்று இன்னொரு குண்டு. ஸ்டாப் பிளேட் அடிபட்டால் ஓட்டம், அதாவது அந்தச் சுற்று, முடிந்தது, விட்ட ஒவ்வொரு தகட்டுக்கும் 3 வினாடி கூடும். அடுத்த தகட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது என்றாலும், ஸ்டாப் பிளேட்டைத் தொடும் முன் திரும்பிப் போய்ச் சுடலாம்.

கேள்வி: முதல் ஓட்டம் சரியில்லை என்றால் அடுத்ததில் வரிசையை மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான ஸ்டேஜ்களில் ஐந்து ஓட்டம், மோசமான ஒன்று கழிந்துவிடும். புது வரிசையில் அடுத்த தகடு எது என்று கண் ஒரு கணம் தேடும், அங்கேதான் நேரம் போகிறது.

கேள்வி: .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டாத் துப்பாக்கியில் சுடுகிறேன். அதே வரிசைதானா?

பதில்: அவசியமில்லை. உங்களுக்கு உறையிலிருந்து உருவும் வேலை கிடையாது, தரையிலுள்ள குறியை நோக்கிப் பிடித்தபடி தொடங்குகிறீர்கள். அந்தக் குறியிலிருந்து குழல் எந்தத் தகட்டுக்கு இயல்பாக ஏறுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பழக முடியுமா?

பதில்: தாராளமாக. தூரங்களும் தகட்டு அளவுகளும் விதியிலேயே நிலையானவை, அதனால் சுவரில் சிறிய அளவில் காகித வட்டங்கள் ஒட்டலாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள், தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. முதலில் துப்பாக்கியே இல்லாமல், கண்ணை மட்டும் ஒவ்வொரு வட்டத்தின் நடுவுக்கும் நகர்த்திப் பழகுங்கள். கண் போய் நின்ற இடத்துக்குத்தான் கை வரும்.