வண்டிக்குள் ஒரு படுக்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் வேகன் ஆர் பெட்ரோல் வண்டி இருக்கிறது சார். நானும் மனைவியும் மட்டும்தான். லாட்ஜ் தேடி அலையாமல் வண்டியிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்ற ஆசை. பின்னால் பலகை போட்டு, அடியில் சாமான் வைக்க ஒன்றரை அடி உயரத்தில் பெட்டி அடித்துத் தருவதாக ஆசாரி சொல்கிறார். சரிவருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒன்றரை அடி வேண்டவே வேண்டாம். சராசரி உயரமுள்ள ஓர் ஆண் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய 3 அடி வரும். வேகன் ஆர் உயரமான வண்டிதான், ஆனால் அந்த 1,675 மில்லிமீட்டர் சக்கரத்தின் அடியிலிருந்து கூரையின் மேல் வரை அளந்த கணக்கு. டிக்கி தரையில் டேப்பை வைத்துக் கூரை வரை அளந்து, அதில் ஒன்றரை அடியைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் இருப்பதில் சட்டை மாற்றக்கூட முடியாது, ஊர்ந்துதான் நுழைய வேண்டும்.

அதற்காகத் தரையோடு தரையாகவும் போட முடியாது. பின்சீட்டை மடித்தால் அது டிக்கி தரையைவிட மேடாக, கொஞ்சம் சாய்வாக நிற்கும். அந்த மேட்டின் உச்சிதான் உங்கள் பலகையின் மட்டம், அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட ஏற்றாதீர்கள். சாமானுக்கு இடம் தானாகவே கிடைக்கும்: டிக்கி ஒரு பள்ளம், முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடம் இன்னொரு பள்ளம். தண்ணீர் கேன் மாதிரி கனமானதெல்லாம் இந்த இரண்டாவது பள்ளத்தில், துணியும் போர்வையும் டிக்கியில்.

டிக்கி பெட்டிக்கு அடிப்பலகை வைக்காதீர்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் அந்தத் தரைக்குக் கீழேதான் இருக்கின்றன. ராத்திரி மழையில் டயர் பஞ்சரானால் மெத்தை, பெட்டி, சாமான் எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி வைத்துவிட்டா ஸ்டெப்னியை எடுப்பீர்கள்? வெறும் சட்டமும் மேலே கீல் போட்ட மூடியும் போதும். டிராயர், அது வழுக்கி வர சேனல் என்று ஆசாரி ஆசை காட்டுவார், அதெல்லாம் எடையும் செலவும்தான்.

பலகை 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் போதும், அடியில் குறுக்குச் சட்டம் நெருக்கமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். எட்டுக்கு நாலு அடி ஷீட்டே இருபது கிலோவைத் தாண்டும், 18 மில்லிமீட்டர் என்றால் முப்பதைத் தாண்டும். மூன்று துண்டாக வெட்டுங்கள். தலைப்பக்கத் துண்டு பியானோ கீலில் (விளிம்பு நெடுக ஓடும் நீளக் கீல்) மடங்கட்டும், முன்சீட்டை முன்னால் தள்ளிய பிறகு அதை விரித்தால் நீளம் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டியைக் கிழித்து சக்கர வளைவுக்கு அளவு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நேர்கோடு என்று ஒன்றுமே கிடையாது. அப்புறம், சீட்டை மடித்துப் போட்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். தோளோடு தோள் இடித்தால் எந்த ஆசாரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: பின்சீட்டையே கழற்றிவிட்டால் இன்னும் இடம் வருமே? (அதே வாசகர்)

பதில்: வரும், தொந்தரவும் வரும். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருவதில்லை, இருக்கை எண்ணிக்கையும் அந்த விவரத்தில் ஒன்று. சீட் இருக்கட்டும். துளை போடாமல், வெல்டிங் வைக்காமல், ராட்செட் பெல்ட்டால் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) இறுக்கிக் கட்டி, வேண்டாதபோது வெளியே எடுத்து வைக்கிற மாதிரி செய்யுங்கள். கட்டாமல் மட்டும் விடாதீர்கள், சடன் பிரேக் போட்டால் அத்தனை பலகையும் உங்கள் முதுகுக்குத்தான் வரும். வண்டி ஓடும்போது யாரும் அதில் படுக்கவோ உட்காரவோ கூடாது, பேரக்குழந்தை அடம்பிடித்தாலும்.

கேள்வி: ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கூடாது. நின்ற வண்டியில் இன்ஜின் ஓடினால் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு பக்கமும் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தால் மூச்சுக்காற்றே நீராகி விடிகாலையில் மெத்தை ஓரம் நனைந்திருக்கும். சமையலும் வெளியேதான்.

கேள்வி: என்னுடையது சி.என்.ஜி. வண்டி. இதே மாதிரி செய்யலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: டிக்கி பள்ளத்தை எரிவாயு சிலிண்டர் பிடித்துக்கொள்கிறதே! வால்வுக்குக் கை எட்டாதபடி பலகையால் மூடவும் கூடாது. உங்களுக்கு ஒரு நல்ல கூடாரம் வாங்குவதுதான் மலிவு.