கத்தினால்தான் வேலை நடக்குமா?

வாசகி ஒருவரின் கேள்வி: “வாங்கி எட்டே மாதமான ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது. சேவை மையத்துக்கு இரண்டு வாரம் பொறுமையாகப் பேசினேன். ‘நாளைக்கு ஆள் வருவார்’ என்றே ஒவ்வொரு முறையும் பதில், யாரும் வரவில்லை. ஒருநாள் தாங்கமுடியாமல் கத்திவிட்டேன். மறுநாள் காலையிலேயே மெக்கானிக் வந்துவிட்டார். ஆனால் போனில் பேசிய பெண்ணின் குரல் தழுதழுத்தது இன்னும் காதில் நிற்கிறது. மரியாதையாகப் பேசினால் வேலையே நடக்காதா? இனி எப்படிப் பேசுவது?”

கத்திய பிறகு ஆள் வந்தார், அதை நான் மறுக்கவில்லை. சேவை மையங்களில் போன் எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பதிவான அழைப்புகளைப் பல வருடமாகக் கேட்டு வருவதால், அந்த மெக்கானிக் எப்படி வந்தார் என்று சொல்ல முடியும். அன்று அவர் போகவேண்டிய வீடுகளின் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கும். உங்கள் பெயர் மேலே ஏறியபோது, சத்தம் போடாத யாரோ ஒருவரின் பெயர் கீழே போயிருக்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் அப்படிக் கீழே போய்க்கொண்டிருந்தது உங்கள் பெயர்தான். சத்தத்துக்கு ஏற்றபடி வரிசையை மாற்றும் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்குக் கத்தக் கற்றுக்கொடுக்கிறது. முதல் தப்பு அதனுடையது.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். அவர் முன்னால் ஒரு திரை. அதில் புகாரைப் பதியலாம், நினைவூட்டல் அனுப்பலாம், மேலதிகாரிக்குத் தள்ளலாம். பெரும்பாலான இடங்களில் அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. மெக்கானிக் எங்கே நிற்கிறார் என்றுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அழைப்பு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஓரத்தில் ஒரு கடிகாரம் எண்ணிக்கொண்டிருக்கும். ஒருவர் திட்டிவிட்டுப் போனை வைத்ததும், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அதே இனிமையான குரலில் அடுத்த “வணக்கம்” சொல்லும் பெண்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன கொதித்தாலும் முகத்தையும் குரலையும் சம்பளத்துக்காகக் கட்டிவைக்கும் இந்த வேலைக்கு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயர் வைத்தார்.

சரி, நீங்கள் என்ன செய்திருக்கலாம்? அந்த இரண்டு வாரமும் ‘நாளைக்கு’ என்றதும் “சரிங்க” என்று போனை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது மரியாதை மட்டும் இல்லை, அதில் தயக்கமும் கலந்திருக்கிறது. நல்ல மனிதர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கஷ்டப்படுகிறார்கள். நுகர்வோரின் குரல் கேட்கப்படுவது ஒரு உரிமை என்று அமெரிக்க அதிபர் கென்னடி 1962 மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் சொன்னார். மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாளானது அதனால்தான். ஐ.நா. 1985இல் ஏற்ற நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும், குறைதீர்க்கும் முறை விரைவாக, நியாயமாக, செலவு குறைவாக, எளிதில் அணுகும்படி இருக்கவேண்டும் என்கின்றன. உரிமையைக் கேட்கக் கெஞ்சவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

முதல் அழைப்பிலேயே புகார் எண்ணையும், பேசுபவரின் பெயரையும், நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘நாளைக்கு’ என்றால், “நாளை எத்தனை மணிக்குள்? வரவில்லை என்றால் நான் யாரிடம் பேசவேண்டும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வருவதற்குள் நாமே “பரவாயில்லை, பாருங்க” என்று இடைவெளியை நிரப்பிவிடுகிறோம். பதிவுகளில் நான் அடிக்கடி கேட்கும் இடம் இது. சொன்ன நாள் தவறினால், “உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவரிடம் இணைப்பு கொடுங்கள்” என்று சொல்லுங்கள். போன் எடுப்பவருக்கும் அது நிம்மதி, மேலே தள்ள ஒரு காரணம் கிடைக்கிறது.

அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். ஐந்து வரி போதும்: வாங்கிய தேதி, பழுது, புகார் எண், தவறிய நாட்கள், எந்தத் தேதிக்குள் தீர்வு வேண்டும் என்பது. ரசீது நகலை இணைத்துவிடுங்கள். போனில் போட்ட சத்தம் அந்த நிமிடத்தோடு போய்விடும். தேதியோடு எழுதியது அப்படியே இருக்கும், பின்னால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போகவேண்டி வந்தாலும் கைகொடுக்கும். அப்புறம், செய்யப்போவதை மட்டுமே சொல்லுங்கள். “சும்மா விடமாட்டேன்” என்பதைத் தினமும் கேட்பவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை.

அந்தப் பெண்ணை மறுபடி பிடித்து மன்னிப்பு கேட்க வழி இருக்காது. ஆனால் அழைப்பு முடிந்ததும் “எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண்?” என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கலாம். நிறுவனத்தின்மேல் உள்ள கோபத்தில் அதற்கு ஒன்று என்று அழுத்துகிறோம். பல இடங்களில் அந்த ஒன்று, போன் எடுத்தவரின் கணக்கில்தான் ஏறுகிறது. அவருடைய ஊக்கத்தொகையிலும் கைவைக்கலாம். தாமதத்துக்கான புகாரைத் தனியாக எழுதுங்கள். அந்தக் குறுஞ்செய்தி இன்னும் உங்கள் போனில் இருந்தால், ஐந்து போட்டு அனுப்பிவிடுங்கள்.