வளர்ற பிள்ளைக்குப் பெரிய சைக்கிள் வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு 6 வயது, மகனுக்கு இரண்டரை. பள்ளி 2 கிலோமீட்டர் தூரம். மகள் தன் சைக்கிளில் வர, மகனை என் சைக்கிளில் உட்கார வைத்து மூவரும் சேர்ந்து போக ஆசை. கடைக்காரர் 'வளர்ற பிள்ளை' என்று மகளுக்கு 20 இஞ்ச் கியர் சைக்கிளைக் காட்டுகிறார், பேலன்ஸ் வீல் இலவசமாம். மகனுக்கு ஹேண்டில்பார் பக்கம் மாட்டும் சின்ன சீட். சட்டப்படி ஐஎஸ்ஐ ஹெல்மெட்டும் கட்டாயம் என்கிறார். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அவர் காட்டிய எதையும் வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

'வளர்ற பிள்ளை' என்ற ஒரே வார்த்தையில் எத்தனையோ சைக்கிள் விற்றுவிடுகிறார்கள். கால் எட்டாத சைக்கிளில் பிள்ளை பயந்து ஓட்டும், பிறகு ஓட்டவே மாட்டேன் என்று ஒதுங்கிவிடும். மகளைச் சுவரோரம் வெறுங்காலோடு நிறுத்தி, கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேல்வரை ஏற்றி, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். சீட்டை முழுதாக இறக்கினால் அந்த உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். ஆறு வயதுக்குப் பெரும்பாலும் 16 இஞ்ச் போதும். ஷாக் அப்சார்பரும் கியரும் உள்ள 20 இஞ்ச் சைக்கிள் உங்கள் மகளின் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். அதை அவளால் எப்படி நிறுத்த முடியும்? பிரேக் பிடியும் விரலுக்கு எட்ட வேண்டும். பல சைக்கிள்களில் பிடியின் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் பிடி கைக்கு நெருங்கி வரும். கடையில் யாரும் தானாகச் செய்து தர மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

இலவச பேலன்ஸ் வீலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வளைவில் சைக்கிள் சாய வேண்டும், அந்தச் சக்கரம் சாய விடாது. பிள்ளை கற்றுக்கொள்வது பெடல் மிதிப்பதை மட்டும்தான். அதற்குப் பதில் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 நம்பர் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதனால் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகினால் இன்னும் இறுகிக்கொள்ளும். மகள் காலால் தள்ளித் தள்ளி ஓட்டட்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி தானாக உருளும் அளவுக்கு வந்ததும் பெடலை மாட்டுங்கள்.

நாங்களெல்லாம் அப்பா சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தானே கற்றுக்கொண்டோம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் எத்தனை கார் போனது என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மகன். நான் அதிகம் பயப்படுவது இங்கேதான். அந்தச் சின்ன சீட்டில் காலுக்குத் தடுப்பில்லை. தூக்கம் வந்தாலோ வேடிக்கை பார்த்தாலோ பாதம் முன்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். வெறும் கேரியரில் உட்கார வைத்தாலும் இதே கதை, அங்கே பின்சக்கரம். குதிகால் தோல் உரிந்து, சில பிள்ளைகளுக்கு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும் அளவுக்குப் போகிறது. முதுகுச் சாய்வு, தோள் பெல்ட், இரண்டு பக்கமும் பாதத்தை மூடும் குழி, அதில் கட்டும் பட்டை, இவ்வளவும் உள்ள பின் சீட் வாங்குங்கள். இஎன் 14344 என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் நல்லது. அத்தகைய பின் சீட்டுக்கு 22 கிலோதான் வரம்பு. உங்கள் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதைத் துணியோ பிளாஸ்டிக்கோ வைத்து மூடிவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து எழும்போது பின்னால் இருக்கும் பிள்ளையின் விரல் அதில் நசுங்கும். பட்டறையில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வருவார், அவரை அனுப்பிவிடுங்கள். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் மகனை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது பொய். 2022 பிப்ரவரியில் அரசாணையாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதி, மோட்டார் சைக்கிளில் போகும் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பைக் ஹெல்மெட்டின் கனத்தைப் பிஞ்சுக் கழுத்து எதற்குச் சுமக்க வேண்டும்? உள்ளே இஎன் 1078 என்று ஒட்டியிருக்கும் சைக்கிள் ஹெல்மெட் வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் இறுக்கம். சரி, எப்போதும் போட்டுக்கொள்ள வேண்டுமா? சைக்கிளில் இருக்கும்வரை, ஆம். ஆனால் பூங்காவில் இறங்கிச் சறுக்குமரத்துக்கு ஓடும் முன் கழற்றியே ஆக வேண்டும். கம்பி இடுக்கிலோ மரக்கிளையிலோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் உடம்பு கீழே தொங்க, பட்டை கழுத்தை நெரித்துவிடும். அதற்காகவே, இழுவை விழுந்தால் பட்டை தானாக விடுபடும் இஎன் 1080 என்ற தனி ரகம் சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மகனுக்கு அது கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள்.

அப்புறம், சாலை. முதலில் உக்கடம் பெரியகுளக் கரையில் காலை வேளையில் பழக்குங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி வழி. மகள் முன்னால் இடது ஓரம், நீங்கள் பின்னால் சற்று வலப்புறம். பின்னால் வரும் வண்டி உங்களைப் பார்த்து விலகும். வரும் வண்டியின் வேகத்தை ஆறு வயதில் கணிக்க வராது, ஆகவே சந்திப்பில் மூவரும் இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்து போங்கள். நிறுத்திய கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவு திறக்கும்.

பதினோராம் வகுப்பில் சைக்கிளை இலவசமாகக் கொடுக்கிற அரசு, அதை ஓட்ட ஓர் அடி பாதையைக் கொடுக்க இத்தனை ஆண்டுகளாக யோசிக்கிறது. கோடு போட்ட இடத்திலும் கார் நிற்கிறது. கேட்டால் அது வேறு துறை என்பார்கள்.

பள்ளி வாசலில் வேன்கள் ரிவர்ஸ் எடுக்கும், ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் குட்டிச் சைக்கிள் தெரியாது. நூறு அடி முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.