விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்றால் என்ன? பழைய கம்ப்யூட்டரை இனி பயன்படுத்தலாமா?

புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை மைக்ரோசாஃப்ட் இனி வழக்கம்போல் அடைத்துத் தராது என்று பொருள். விண்டோஸ் 10-க்கு அது 2025 அக்டோபர் 14 அன்று நடந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, முன்போலவே ஓடும்.

பிறகு ஆபத்து எங்கே? விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே பொதுவான பகுதிகள் ஏராளம். 11-இல் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வந்ததும், எதை மாற்றினார்கள் என்று பார்த்தே 10-இல் உள்ள அதே ஓட்டையைத் திருடர்கள் கண்டுபிடிக்க முடியும். கள்ளச்சாவி செய்துவிட்டார்கள் என்று தெரிந்து தெருவே பூட்டை மாற்ற, ஒரு வீடு மட்டும் பழைய பூட்டோடு இருப்பது போல.

அதனால் முதலில் புகைப்படங்களையும் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். அப்புறம் விண்டோஸ் 11 ஏறுமா பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற, ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை அது முறைப்படி ஏற்காது. அவற்றுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் நல்ல வழி: இலவசம், 4 ஜிபி ரேமிலும் ஓடும், அப்டேட்டும் ஒழுங்காக வரும். ஓடுகிற இயந்திரத்தைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கெட்ட கோப்புகளைப் பிடிக்கும், விண்டோஸில் உள்ள ஓட்டையை அடைக்காது.