கறிக்கடைக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா பல வருடமாக ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை 8 ஆடு, மற்ற நாட்களில் எல்லாம் சேர்த்து 6 ஆடு. ஆட்டுக்குச் சராசரியாக 10 கிலோ கறி விழும். கிலோ 850 ரூபாய்க்கு விற்றால் செலவெல்லாம் போக 80 ரூபாய் நிற்கிறது. எனக்கு 31 வயது, 35,000 சம்பளம், 15 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பத்திரத்தை வைத்து 25 லட்சம் கடன் வாங்கி, மொத்தம் 40 லட்சத்தில் ஏ.சி., கண்ணாடி, ஆப் என்று கடையை மாற்ற நினைக்கிறேன். சரியா?

பதில்: தம்பி, தொழிலை விட்டு ஓடாமல் அதை வளர்க்க நினைக்கிறீர்களே, அதற்கே பாராட்டு. ஆனால் 40 லட்சம் வேண்டாம், அடமானம் வேண்டவே வேண்டாம்.

முதலில் கணக்கு. வாரம் 140 கிலோ என்றால் மாதம் சுமார் 600 கிலோ, வருமானம் 48,000 ரூபாய். 25 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 42,800. கடை இன்று சம்பாதிப்பதில் பெரும்பகுதி அதற்கே போய்விடும், உங்கள் சம்பளமும் நின்றுபோயிருக்கும், ஏ.சி. கரன்ட் பில் வேறு. தவணையைக் கட்ட மட்டுமே மாதம் இன்னும் 535 கிலோ விற்றாக வேண்டும். ஒரு சின்ன ஊரில், அதுவும் புரட்டாசி வரும்போது, அது நடக்காது.

இந்தத் தொழிலில் காசு இல்லை என்று சொல்லவரவில்லை. 2023-24இல் இந்தியாவின் இறைச்சி உற்பத்தி ஒரு கோடி டன்னைத் தாண்டியது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கோழி, கால் பங்குக்கு மேல் வெள்ளாடும் செம்மறியும். பெரும்பகுதி உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் வழியாகத்தான் மக்கள் கைக்குப் போகிறது. 2015இல் பெங்களூருவில் தொடங்கிய, ஆப் வழியாகக் கறி விற்கும் லிசியஸ் 2021லேயே 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்டதைப் பார்த்துத்தான் ஆப் ஆசை வந்திருக்கும். அந்த நிறுவனம் அதற்குப் பிறகும் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கோடி நஷ்டம் காட்டியது. முதலீட்டாளர் பணத்தில் அவர்களால் அதைத் தாங்க முடியும், உங்கள் எஃப்.டி. தாங்காது.

உங்கள் கடையில் பணம் ஒழுகுவது வேறு இடத்தில். திருமங்கலத்திலோ எட்டயபுரத்திலோ சந்தையில் ஆட்டை எப்படி வாங்குகிறீர்கள்? தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவி, இத்தனை கிலோ கறி விழும் என்று உருப்படிக்கு விலை பேசுவார்கள். அப்பாவின் கைக்கணக்கு பெரிய சொத்துதான், ஆனால் அதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆட்டுக்குச் சராசரியாக அரை கிலோ குறைந்தால்கூட வருடம் 728 ஆட்டுக்கு 364 கிலோ, மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள்: வாங்கிய விலை, உயிர் எடை, விழுந்த கறி, எந்தச் சந்தை, எந்தத் தரகர். மூன்று மாதத்தில் எந்தச் சந்தை ஆடு உங்களுக்குக் கட்டுபடியாகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து தலை, கால், குடல், தோல். வாட்டிச் சுரண்டிய காலும், கழுவிச் சுத்தம் செய்த குடலும் அப்படியே கொடுப்பதைவிட நல்ல விலைக்குப் போகும், ஏனென்றால் வீட்டில் அதைச் செய்ய இப்போது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு ஆள் கூலியில் முடிகிற இந்த வேலையைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன். தோல் விலை இப்போது ரொம்பவே இறங்கிக் கிடக்கிறது, உண்மைதான். ஆனாலும் உரிக்கும்போது கத்தி பட்டு ஓட்டை விழுந்தால், சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாமல் விட்டால், கிடைக்கிற அதுவும் போச்சு.

அப்புறம் குளிர். கறியைக் குளிரில் வைக்க நல்ல சில்லர் பெட்டி, எலக்ட்ரானிக் தராசு, எவர்சில்வர் மேசை, வெடிப்பில்லாத வெட்டுக்கட்டை, கழுவினால் தண்ணீர் ஓடிப்போகிற தரை, கரன்ட் போனால் ஜெனரேட்டர், இதெல்லாம் 8 லட்சத்துக்குள் முடிகிற மாதிரி கோட்டேஷன் வாங்குங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் விலையைக் குறைத்துத் தள்ளுகிற கறியை 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் திங்கள்கிழமை முழு விலைக்கு விற்கலாம். ஈரம் காய்ந்து 2, 3 சதவீதம் எடை குறையும், அதையும் கணக்கில் சேருங்கள். நம் ஆட்கள் "ஃபிரிட்ஜ் கறியா?" என்று முகம் சுளிப்பார்கள். அறுத்த தேதியை எழுதி ஒட்டி, அன்று அறுத்ததையும் பக்கத்திலேயே வைத்து, அவர்களே எடுக்கட்டும் என்று விடுங்கள்.

ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. மத்திய அரசின் 2001ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகளின்படி நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற ஆடுதொட்டியில்தான் அறுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் பார்த்து சீல் வைத்த கறி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், ஒழுங்கான பில், இந்த மூன்றும் இருந்தால்தான் நல்ல ஓட்டலும் கல்லூரி விடுதியும் உங்களிடம் பேசும். வார நாள் விற்பனை கூடுவது அங்கேதான். ஆனால் ஓட்டல்காரர்கள் ஒரு மாதக் கடன் கேட்பார்கள், நீங்களோ சந்தையில் ரொக்கம் கொடுத்து ஆடு பிடிக்கிறீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் கடன் கொடுக்காதீர்கள்.

வரியும் இதில் உங்களுக்குச் சாதகம்தான், புதுக்கறிக்கும் குளிரூட்டிய கறிக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. உறைய வைத்து லேபிள் ஒட்டிய பாக்கெட் என்றால் 5 சதவீதம் வரும். பிற்பாடு உப்புக்கண்டம், மசாலா தடவிய கறி என்று பதப்படுத்தப் போனால், நுண் உணவு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் கடனோடு சேர்ந்த 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வெறும் கடை அலங்காரத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வேலையை ஒரு வருடத்துக்கு விடாதீர்கள். அதிகாலையிலும் ஞாயிறும் கடையில் நில்லுங்கள், அந்த நேரத்தில்தான் தொழில் இருக்கிறது. எஃப்.டி.யில் அந்த 8 லட்சம் போக மீதி 7 லட்சத்தில் 3 லட்சத்தை அவசரத்துக்குத் தனியாக வையுங்கள், நான்கை ஆடு வாங்கும் முதலாக வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் சில்லருக்கு முன்னால் அது.

கடை சொந்தமா வாடகையா என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை என்றால் ஐந்து வருட ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் தரையில் முதல் டைல்ஸை ஒட்ட வேண்டும்.